மொட்டையடித்த மேய்ச்சல் காடு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியது நான்தான். பள்ளிக்கூடம் என்னை நிறுத்தவில்லை. இரண்டு ஆட்டில் ஆரம்பித்து நாற்பது ஆடு சேர்த்தவன். சங்கராபுரம் பக்கத்தில் ஆடு வாங்க வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்காமல் போவதில்லை. (கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.) அப்படிப்பட்ட நானே என் காட்டை மொட்டையடித்தேன்.

வெள்ளிமலை போகும் வழியில் ஒருத்தர் ஒரே வகைப் புல்லைப் பாய் விரித்த மாதிரி வளர்த்திருந்தார். பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. மலையடிவாரத்தில் எனக்கிருந்த நாலு ஏக்கர் மேய்ச்சல் காட்டில் ஆவாரை, கொழிஞ்சி, சூரை முள், பேர் தெரியாத பூண்டு என்று கண்டதெல்லாம் கிடந்தது. என் வீட்டுக்காரி தடுத்துப் பார்த்தாள். நான் கேட்கிற ஆளா? ஜேசிபி விட்டு அத்தனையும் வழித்துவிட்டுக் கொழுக்கட்டைப் புல்லை மட்டும் விதைத்தேன்.

மழைக்கு ஜோராக வளர்ந்தது. பக்கத்துக் காடு என் மச்சானுடையது. அதில் அவன் ஒரு செடியையும் தொட்டதில்லை. அவனைக் கூட்டிவந்து காட்டி, "உன்னுது இன்னா காடா, குப்பைமேடா?" என்றேன்.

"நல்லா கீது மாமா," என்றான். அவ்வளவுதான்.

மறுவருஷம் மழை ஏமாற்றியது. சித்திரைக்குள் ஆடுகள் புல்லை வேரோடு பிடுங்கித் தின்று தீர்த்தன. மிஞ்சியது செம்மண். ஆடு பார்க்க வந்த வியாபாரி முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு வண்டியேறினார். இன்னும் பத்து நாள் போனால் பாதி ஆடு தங்காது என்று எனக்கே தெரிந்தது. மச்சானிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

ஆடுகளுக்கு அந்த ரோஷமெல்லாம் இல்லை. ஒருநாள் காலை பட்டி காலி. வேலியைப் பிய்த்துக்கொண்டு நாற்பதும் மச்சான் காட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. அவன் வருவதற்குள் ஓட்டிவந்துவிடலாம் என்று சூரைப் புதருக்கடியில் தவழ்ந்தேன். வேட்டியை முள் பிடித்துக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை.

படுத்த வாக்கில்தான் பார்த்தேன். என் மூக்குக்கு நேராக, முள்ளுக்கடியில் ஆட்டு வாய் எட்டாத இடத்தில், கொத்துக் கொத்தாகப் புல். அதே கொழுக்கட்டைப் புல். முற்றி, விதை விட்டுக்கொண்டிருந்தது. மேலே ஆவாரை அந்த வெயிலிலும் பச்சையாக நின்றது. ஒன்றைக் கடித்தால் இன்னொன்று தப்பிக்கிற ஏற்பாடு. எவனும் விதைக்காமல் அதுவாக வந்தது.

"அசையாதீங்க மாமா. அசைஞ்சா இன்னும் கிழியும்."

தலைமாட்டில் மச்சான். எப்போது வந்தான் என்று தெரியாது.

"ஆடுங்க..." என்று இழுத்தேன்.

"ராத்திரிலேர்ந்தே வந்துகினுதான் இருக்குதுங்க. மழை வர்ற வரிக்கும் மேயட்டும். ஜேசிபிய மட்டும் இந்தப் பக்கம் கூட்டினு வராதீங்க."

ஒரு ஆடும் சாகவில்லை. அன்றைக்கு வந்த தூக்கம் மாதிரி அதற்கப்புறம் எனக்கு வந்ததில்லை. அடுத்த மழைக்கு அவன் காட்டு விதையையே வாரிவந்து இறைத்தேன். இன்றைக்கு என் காட்டில் எத்தனை வகைச் செடி என்று எண்ணிச் சொல்ல இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. (என்னைத் தவிர.)

போன மாசம் பேரனுக்கு முடியிறக்கினோம். பளபளவென்ற மண்டையைத் தடவி என் வீட்டுக்காரி, "அப்டியே உங்க காடு," என்றாள்.

மச்சான் ஆற அமரப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஓரத்துல ரெண்டு சூரைய உட்டிருக்கலாம்."