காலி செய்கிற நாளில் காய்ச்சிய பால்

வாடகை வீட்டுக்குக் குடிபோகிற அன்று யாரும் வீட்டைப் பார்ப்பதில்லை. நேரத்தைத்தான் பார்க்கிறோம். ராகு காலத்துக்கு முன்னால் வலது காலை வைத்தாயிற்றா, பால் பொங்கியதா, எந்தப் பக்கம் வழிந்தது, அவ்வளவுதான். சுவரில் ஏன் இவ்வளவு ஓதம் என்று அன்றைக்கு யாராவது கேட்டால், நல்ல நாளும் அதுவுமாய் வாயை வைக்காதே என்று அவரை ஓரங்கட்டி விடுவோம். காலி செய்கிற அன்றுதான் நமக்குக் கண் திறக்கும். வீட்டு ஓனருக்கும் அன்றைக்கே திறப்பதுதான் சங்கடம்.

திருப்பதியில் நாங்கள் நான்கு வருஷம் இருந்த வீட்டின் கதை இது. அப்போது நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். (ஆமாம், தரம் பார்ப்பதுதான் வேலை. ஒவ்வொரு பெட்டியையும் புரட்டிப் புரட்டிக் கீறல் தேடுகிறவள், தான் குடியேறும் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கவில்லை. சிரித்துக்கொள்ளுங்கள்.) என் வீட்டுக்காரர் குமரேசன் நகரிக்காரர். அவருக்குப் பங்காருபாளையம் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்ததால், சித்தூரில் வீடு பிடித்தோம்.

பிடித்தோம் என்று சொல்லக்கூடாது, பாதிதான் பிடித்தோம். சித்தூர் ஓனர் கறாரான மனுஷன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் வந்தால் சாவி, இல்லையென்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். எங்கள் கையிருப்பெல்லாம் மாமனாரின் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தது. திருப்பதி ஓனரிடம் கொடுத்து வைத்திருந்த அறுபதாயிரம் முழுசாகக் கைக்கு வந்தால்தான் சித்தூரில் கதவு திறக்கும்.

இந்த நேரம் பார்த்து, கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பத்மா தன் அட்வான்ஸ் போன கதையை எடுத்தாள்.

"எங்க ஓனர் ஆணி ஓட்டைக்கெல்லாம் காசு புடிச்சாரு அக்கா. கடைசியில கைக்கு வந்தது ஆட்டோ சார்ஜ்தான். நீ குடி வந்தப்போ வீட்ட வீடியோ எடுத்து வெச்சுக்கினியா இல்லையா?"

எடுக்கவில்லை. வீடியோவும் இல்லை, வீட்டில் என்னென்ன எந்த நிலையில் இருந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய காகிதமும் இல்லை. பால் காய்ச்சிய அன்று எடுத்த போட்டோக்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் மூஞ்சி. சமையலறை சிங்க் இருக்க வேண்டிய இடத்தில் என் கொண்டை. ஓதம் இருக்க வேண்டிய இடத்தில் என் மயில்பச்சைப் பட்டுப்புடவையின் தோள்பட்டை. ஒரு சுவராவது தெரியட்டும் என்று நகர்ந்து நிற்கிற புத்தி எனக்கு இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் விசாரணை தொடங்கியது.

"சிங்க்குல கீற விரிசல் நாம வந்தப்பவே இருந்ததுதானங்க?" என்று கேட்டேன்.

"நீ கிரைண்டர் கல்ல தூக்கிப் போட்டியே, அப்ப வந்திருக்கும்."

"நான் கல்லு போட்டது வாசல்ல! பாத்ரூம் கதவு அடியில இத்துப் போய்க்கினு கீதே, அது நீங்க பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்திக் குளிச்சதால."

"அது வந்தப்பவே இத்துத்தான் இருந்துச்சு!"

உண்மை என்னவென்றால், இரண்டு பேருக்குமே தெரியாது. நான்கு வருஷம் கண்ணெதிரே இருந்த விரிசல் நாங்கள் வைத்ததா, வந்தபோதே இருந்ததா என்று சாமி சத்தியமாக எங்களால் சொல்ல முடியவில்லை. தெரியாததையெல்லாம் நமக்குச் சாதகமாக நினைத்துக்கொள்வது என் பிறவிக் குணம். எல்லாமே முன்னாடியே இருந்ததுதான், ஆதாரம் மட்டும்தான் இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். ஆதாரம் இல்லையென்றால் என்ன, செய்துகொள்வோம்!

காலி செய்கிற வெள்ளிக்கிழமை காலையில் வீடு வெறுமையாகிவிடும். அப்போது அதே மயில்பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, அதே மாதிரி பால் காய்ச்சி, அன்றைக்கு எடுத்த மாதிரியே ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால்? ஓனர் எதையாவது காட்டிப் பணம் பிடிக்கப் பார்த்தால், "பாருங்க சார், குடி வந்த அன்னிக்கே விரிசல்" என்று நீட்டலாம்.

"பொய் வீடியோ எடுக்கச் சொல்றியா?" என்றார் குமரேசன்.

"பொய் இன்னாங்க பொய்? நெசத்தையே கொஞ்சம் லேட்டா எடுக்கறோம்."

மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அறுபதாயிரம் ஆயிற்றே, தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு குட்டி யானை வண்டி சித்தூருக்குப் புறப்பட்டுவிட்டது. ஆபரேஷனுக்காக எங்களோடு தங்கியிருந்த மாமனாரும் கூடவே போனார். சாவி கிடைக்கும்வரை வண்டியும் மாமனாரும் கட்டிலும் பீரோவும் அந்தத் தெருவிலேயே நிற்க வேண்டும். திருப்பதி ஓனர் முனிரத்தினம் சார், பதினொரு மணிக்கு மேல் வந்து வீட்டைப் பார்த்துக் கணக்கு முடிப்பதாகச் சொல்லியிருந்தார். படப்பிடிப்புக்கு நேரம் தாராளமாக இருந்தது.

முதல் தொல்லை ரவிக்கை. நான்கு வருஷத்தில் அது சுருங்கிவிட்டிருந்தது. (நான் அப்படித்தான் சொல்வேன்.) முதுகுப் பக்கம் ஊக்கு போட்டு இழுத்துக் கட்டியதால், கேமராவுக்கு முதுகைக் காட்டுவதில்லை என்று முடிவாயிற்று. அடுத்த தொல்லை என் வீட்டுக்காரர். அட்வான்ஸ் நல்லபடியாகத் திரும்ப வரவேண்டும் என்று முந்தின வாரம்தான் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். குடிவந்த அன்று அவருக்குத் தலை நிறைய முடி. எனவே அவர் கேமராவுக்குப் பின்னால், குரல் மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

அடுப்பு வண்டியில் போய்விட்டது. கவலையே இல்லை, குடிவந்த அன்றும் செங்கல் அடுக்கித்தானே காய்ச்சினோம் என்று, ஹாலில் ஈசான்ய மூலையில் மூன்று செங்கலை வைத்துத் தேங்காய் ஓட்டையும் சூடத்தையும் போட்டுப் பற்ற வைத்தேன். குடிவந்த அன்று என் மாமியார் அடியில் தடிமனாக மணல் பரப்பியிருந்தார். அந்த மணல் மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

பால் பொங்குகிற சமயம். ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சமையலறைப் பக்கம் காட்டி, கண்ணை அகல விரித்து, பள்ளிக்கூட நாடகத்தில் கூடக் காட்டாத ஆச்சரியத்தைக் காட்டினேன்.

"அடடா, இன்னாங்க இது! சிங்க்குல விரிசல் கீதே! நாம இப்பத்தான இந்த வீட்டுக்குக் குடி வந்தோம்!"

"ஆமாம் கோமதி. நாம இப்பத்தான் குடி வந்தோம்," என்று குமரேசன் மனப்பாடம் ஒப்பித்தார்.

"ஏன்ட்டம்மா இதி?"

வாசலில் முனிரத்தினம் சார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் வராது, என்னம்மா இது என்பது கூடத் தெலுங்கில்தான் வரும். பக்கத்தில் அவர் சம்சாரம் சரோஜம்மா. பின்னால் புதிதாகக் குடிவரப் போகிற காளஹஸ்தி அம்மாளும் அவருடைய மகனும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம், அதற்கு முன்னாலேயே வீட்டைக் காட்டிவிடலாம் என்று கூட்டி வந்திருக்கிறார்கள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? குடிபோகும்போது மட்டும்தான் ராகு காலம் ஞாபகம் வரும் ஜென்மம் நான்.

காளஹஸ்தி அம்மாள் என்ன பார்க்கிறார்? பட்டுப்புடவை, பொங்குகிற பால், இப்பத்தான் குடிவந்தோம் என்கிற ஒரு குடும்பம். அவ்வளவுதான், ஓனர் பக்கம் திரும்பித் தெலுங்கில் பிடிபிடியென்று பிடித்தார். எங்களிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்கா வீட்டைக் கொடுத்தீர்கள்? வேறொருத்தர் பால் காய்ச்சிய வீட்டில் நாங்கள் எப்படிக் குடிவருவது? பணத்தை எடுங்கள் இப்பவே!

முனிரத்தினம் சார் முகம் வெளுத்துவிட்டது. "இல்லம்மா, இவங்க காலி பண்றவங்க. ஏம்மா கோமதி, காலி பண்றேன்னு சொல்லிட்டு இன்னாத்துக்கும்மா பால் காய்ச்சிக்கினு கீறே?"

குமரேசன் போனைப் பிடித்த கை பிடித்தபடி கல்லாக நிற்கிறார். சித்தூர்த் தெருவில் நிற்கிற மாமனார் கண்முன் வந்தார். வாய் தானாகத் திறந்தது.

"அது வந்து சார், எங்க ஜனத்துல வழக்கம். குடி வர்றப்போ நமக்காகக் காய்ச்சுவோம். போறப்போ, அடுத்து வர்றவங்க நல்லா இருக்கணும்னு காய்ச்சுவோம்."

இப்படி ஒரு வழக்கத்தை அதுவரை நான் காதால் கூடக் கேட்டதில்லை. ஆனால் சரோஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காளஹஸ்தி அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எந்த மஞ்சி மனசு!" என்று உருகிப்போனார். அந்தப் பாலை வாங்கி எல்லோருக்கும் ஒரு மடக்கு கொடுத்து, தானும் குடித்தார். அவ்வளவு நல்ல மனசு எனக்கு இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன்.

முனிரத்தினம் சார் குளிர்ந்துபோய் பையிலிருந்து பணக்கட்டை எடுத்தார். "வீட்ட இன்னாம்மா பாக்குறது? அந்த சிங்க் உங்களுக்கு முன்னாடி இருந்தவன் உடைச்சது. பாத்ரூம் கதவு நான் வாங்கினப்பவே மட்டம். ஓதம் இந்த வீட்டோடயே பொறந்தது. எல்லாம் எனக்குத் தெரியும். சரி பண்ணிக் குடுக்கலயேன்னு எனக்குத்தான் வெட்கம். இந்தா, முழுசா கீது, எண்ணிக்கோ."

வெட்கம் என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊக்கு முதுகில் குத்திக்கொண்டிருந்தது, குத்தட்டும் என்று விட்டுவிட்டேன். கையை நீட்டி வாங்கினேன்.

டப்!

எல்லோரும் திரும்பினோம். என் தயாள குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் தேங்காய் ஓடு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. செங்கலுக்கு அடியில் டைல்ஸ் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வெடித்துத் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்து டைல்ஸுக்கும் விரிசல்.

முனிரத்தினம் சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். என் கைக்கு வந்திருந்த கட்டை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இது மட்டும் முன்னாடி இல்லம்மா," என்றார்.

அந்த டிசைன் இப்போது வருவதில்லையாம், சுற்றிலும் சேர்த்து மாற்ற வேண்டுமாம். ஐந்தாயிரம் போயிற்று. நான்கு வருஷத்தில் அந்த வீட்டில் நாங்கள் நிச்சயமாக உடைத்த ஒரே பொருள், எதையும் உடைக்கவில்லை என்று நிரூபிக்கப் போய் உடைத்தது. கேமராவை நிறுத்த மறந்துபோன என் வீட்டுக்காரர் அதையும் தெளிவாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

சித்தூர் ஓனர் அந்த ஐந்தாயிரத்தை அடுத்த மாதம் தரலாம் என்று ஒப்புக்கொண்டு சாவியைக் கொடுத்தார். தெருவில் கட்டில் மேலேயே உட்கார்ந்து காத்திருந்த மாமனார் நடந்ததைக் கேட்டுவிட்டு, "இன்னா புத்திம்மா உனக்கு!" என்று மட்டும் சொன்னார். பாராட்டா திட்டா என்று இதுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சரோஜம்மா நகரியில் இருக்கும் என் மாமியாருக்குப் போன் போட்டு, உங்கள் மருமகள் உங்கள் வழக்கத்தை விடாமல் செய்தாள் என்று பாராட்டியிருக்கிறார். என் மாமியார் கொஞ்சம் கூடத் தடுமாறாமல், "ஆமாமா, அது எங்க பரம்பரை வழக்கம்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் உறவில் எல்லோருக்கும் பரப்பியும் விட்டார். இப்போது எங்கள் சொந்தத்தில் பால் காய்ச்சாமல் ஒருத்தரும் வீட்டைக் காலி செய்வதில்லை.

போன மாதம் புத்தூரில் வீடு காலி செய்கிற என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, காலி பண்றப்போ பால் காய்ச்சணுமே, எந்த மூலையில வெக்கறது? அம்மா சொன்னாங்க, முறையெல்லாம் உங்களுக்குத்தான் நல்லா தெரியுமாம்."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஈசான்ய மூலைதான் விசேஷம் என்று விளக்கத் தொடங்கினேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த குமரேசன் வாயில் சோற்றோடு கத்தினார்:

"அடியில மணல் போடச் சொல்லு!"