பாறை இடுக்கில் ஒரு சம்படம்

ஸாட்டிலைட் காட்டிய இடத்தில் பெட்டி இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

சாரங்கபாணி கையிலிருந்த கருவியை இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார். அம்புக்குறி அசையாமல் செகந்திராபாத்தை அடுத்த ஷாமீர்பேட்டை ஏரியின் நடுவையே காட்டியது. இன்னும் இருபதடி உள்ளே போ என்றது. இருபதடி உள்ளே ஓர் எருமை கழுத்தளவு நீரில் நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

தூறல் விட்டபாடில்லை. கரை நெடுக ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்த பாறைகள், துக்கம் விசாரிக்க வந்தவர்களைப்போல் பேசாமல் நனைந்துகொண்டிருந்தன.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் சாரங்கபாணி, எருமையிடம்.

அவர் எதையுமே அப்பவே நினைக்கிறவர். பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் ஸ்டோர்ஸ் அதிகாரி. எந்தச் சாமானும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது என்பது அவர் சர்வீஸில் கற்றுக்கொண்டது. ஆகவே ஆடிட்டர் வருவதற்கு முதல் நாள் தாமே போய் எண்ணிப் பார்த்துவிடுவார். குறைந்தால், ஆடிட்டர் வருவதற்குள் வாங்கி வைத்துவிடுவார். இன்றுவரை அவர் ஸ்டோர்ஸில் ஒரு ஸ்பானர்கூடக் குறைந்ததாகப் பேச்சில்லை.

நாளை காலை வரப்போகிற ஆடிட்டர், சம்பந்தி ஆக வேண்டியவர்.

மகள் மஹதி உப்பலில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். வந்த வரனையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக் கழித்தாள். ஒருவனுக்கு நெற்றி பெரிசு, இன்னொருவன் ஃபோனில் மூச்சு விடுகிறான். சாரங்கபாணிக்கு வருகிற ஏப்ரலில் ரிடையர்மென்ட். அதற்குள் கல்யாணம் முடியாவிட்டால் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே போட ஒன்றுமே இருக்காதே என்பது அவர் கவலை. அதைவிடப் பெரிய கவலை, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் தனியாக நிற்பாளே என்பது. தனக்கு ஏதாவது ஆகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

அப்போதுதான் சைனிக்புரியிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. பையன் சந்தீப்பும் சாஃப்ட்வேர்தான். அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்துவிட்டு, அங்கிருந்து ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். ஒருத்தர் காட்டிலோ கரையிலோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அட்சரேகை தீர்க்கரேகையை மட்டும் சொல்லுவாராம். மற்றவர்கள் ஸாட்டிலைட் கருவியை வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஒரு வேலையும் இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் உலகம் பூராவும் இப்படிப் பெட்டி தேடுகிறார்களாம்.

"பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் வேண்டாம். நான் ஏரிக்கரைப் பாறையில் ஒரு பெட்டி ஒளித்துவைக்கிறேன். பெண் தானே கண்டுபிடித்தால் மறுபேச்சில்லாமல் தாலி கட்டுகிறேன். கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் என்னை விட்டுவிடுங்கள்" என்று பையன் சொன்னானாம். அவன் அப்பா வெங்கட்ரமணன் ராணுவத்தில் சுபேதார் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வாக்கு என்றால் அவருக்கு வாக்கு.

மஹதியிடம் பயந்துகொண்டே சொன்னபோது அவள் சிரித்தாள். அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

"சரிப்பா. பெட்டி கிடைச்சா கழுத்தை நீட்டறேன். கிடைக்கலேன்னா ஒரு வருஷத்துக்கு ஜாதகக் கட்டைப் பிரிக்கப்படாது. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்" என்று கையில் அடித்துக் கொடுத்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவருக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. ஆகவேதான் அவளுக்குச் சந்தீப் அனுப்பிய ஈமெயிலில் இருந்த எண்களைக் காப்பி பண்ணிக்கொண்டு, ஆபீஸ் சர்வே பிரிவு முகமது யூசுப்பிடம் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் லோத்குண்டா வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இங்கே வந்து நின்றார்.

மழையில் ஏரி ஏறிவிட்டது. பெட்டியை அடித்துக்கொண்டு போய்விட்டது. சந்தேகமே இல்லை. ஆனாலும் விசாரிக்காமல் முடிவு கட்டக்கூடாது.

கரையோரம் நீலத் தார்ப்பாய்க்கடியில் ஒரு டீ வண்டி. ஆம்பூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட நூர் முகமது அதை நடத்தினார்.

"ஏம்ப்பா, இங்கே ஒரு பெட்டி வெச்சிருந்தது. யாராவது எடுத்துண்டு போனாளா?"

"டப்பாவா? இங்க எவனும் டப்பா எடுக்கல சார்."

"நன்னா யோசிச்சுச் சொல்லு."

"ஹவ் ஹவ், யோசிச்சுத்தான் சார் சொல்றேன். நாள் பூரா இங்கதானே குந்திக்கினு இருக்கறேன். வெச்சாத்தானே எடுப்பான்?"

இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சாரங்கபாணி ஸ்கூட்டரை உதைத்தார். குறைந்த சாமானை ஆடிட்டர் வருவதற்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

வீட்டில்தான் சிக்கல். மனைவி வேதவல்லி பிளாஸ்டிக்கை வீட்டுக்குள் விடமாட்டாள். இருந்ததெல்லாம் அவள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர். ஸ்பூன் முதல் அண்டா வரை ஒன்று விடாமல் 'வேதவல்லி' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. தேடித் தேடிக் கடைசியில் பெருங்காயம் வைக்கிற உருண்டைச் சம்படத்தை எடுத்தார். பெருங்காயத்தை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்தார். மூடியிலிருந்த பெயர்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். உள்ளே என்ன வைப்பது? பையன் என்ன வைத்திருந்தானோ, யார் கண்டது? எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் கல்கண்டு வைத்தார்.

விடிவதற்கு முன் போய், தண்ணீரை ஒட்டியிருந்த பாறை இடுக்கில் செருகிவிட்டு, பால் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"பால் வாங்க இவ்வளவு நாழியா? வேஷ்டியெல்லாம் சேறு" என்றாள் வேதவல்லி.

"க்யூ" என்றார்.

ஒன்பது மணிக்கு இரண்டு குடும்பமும் ஏரிக்கரையில் கூடின. சந்தீப்பின் அம்மாவுக்கு முழங்கால் வலி. காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். மஹதி "ஹலோ" என்றாள். சந்தீப் "ஹாய்" என்றான். லிஃப்டில் சந்தித்துக்கொண்ட அந்நியர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

வெங்கட்ரமணன் கைத்தடியை நீட்டி நீட்டிப் பாறைகளை அறிமுகப்படுத்திக்கொண்டே முன்னால் நடந்தார். "அதோ, அது ஆமை மாதிரி இல்லே? இது பாருங்கோ, ஆஃபீஸர் தொப்பி! செகந்திராபாத்திலேயே பொறந்து வளர்ந்தவன் நான். இந்தக் கல்லை விட்டுட்டு பீச்சுக்குப் போறாளே ஜனங்க, கைக்கு? எதுக்குன்னு கேக்கறேன்!"

சாரங்கபாணிக்கு ஆமையும் தெரியவில்லை, தொப்பியும் தெரியவில்லை. செத்து மிதந்த ஒரு மீன்தான் கண்ணில் பட்டது. சகுனம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மஹதி சந்தீப் கொடுத்த கருவியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்புக்குறி தண்ணீரைக் காட்டியதும் நின்றாள்.

"ஓ! வாட்டர் லெவல் ஏறிடுத்து போல" என்றான் சந்தீப். துக்கம் சொல்கிற குரல். முகத்தில் துக்கம் இல்லை. "ஸோ சேட். பேட் லக், அங்கிள்."

"ஆமா, பேட் லக்" என்றாள் மஹதி. "போலாமா?"

"என்ன அவசரம்!" என்றார் சாரங்கபாணி. "பக்கத்துப் பாறையெல்லாம் பாரேன். அந்த இடுக்கு..."

"நோ ஹெல்ப்!" என்று கைத்தடியைத் தூக்கினார் வெங்கட்ரமணன். "பொண்ணே கண்டுபிடிக்கணும். கண்டிஷன்."

மஹதி தேடினாள். ஆமைப் பாறையில் தேடினாள், தொப்பிப் பாறையில் தேடினாள், ஒரு பனை மரத்தைக்கூட அண்ணாந்து பார்த்தாள். அந்த இடுக்கு இருந்த திசையை மட்டும் பார்க்கவில்லை. சாரங்கபாணி இருமினார். வானிலையைப் பற்றிப் பேசுவதுபோல் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். எம்.சி.ஏ. படித்த பெண்ணுக்கு இவ்வளவு மந்தமா?

வேறு வழியில்லை. வழுக்கியதுபோல் காலை உதறினார். செருப்பு பறந்து சரியாக இடுக்கில் போய் விழுந்தது.

"ஐயோ, செருப்பு! மஹதி, எடுத்துண்டு வாம்மா."

மஹதி போய்க் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். நிமிரவேயில்லை. கடைசியில் அவள் திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் செருப்பு மட்டும்தான்.

"வேற ஒண்ணும் இல்லையாம்மா?"

"இல்லேப்பா. வேற என்ன இருக்கும்?"

கண்ணுக்கும் கோளாறு என்று சாரங்கபாணி நொந்துகொண்டார். அடுத்ததாகக் குடை. காற்றே இல்லாத நேரத்தில் அது அவர் கையிலிருந்து பறந்தது.

"நீயே போய் எடுத்துக்கோ" என்றாள் மஹதி.

போனார். இடுக்கில் சிக்கிய குடையைப் பிடித்து இழுத்தார். கம்பி எதிலோ மாட்டியது. பலமாக இழுத்தார். குடை பிய்ந்துகொண்டு வந்தது. கூடவே சம்படமும் கிளம்பிவிட்டது. 'டணார்' என்று பாறையில் விழுந்து, உருண்டு, குதித்து, சரிவில் இறங்கி, வேகம் குறைந்து, மஹதியின் கால் கட்டைவிரலில் தட்டி நின்றது.

வெங்கட்ரமணன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"இருக்கவே முடியாது!" என்று கத்தினான் சந்தீப். "நோ வே! இட்ஸ் இம்பாஸிபிள்!"

"ஏண்டா முடியாது?" வெங்கட்ரமணனின் மீசை துடித்தது. "பொண்ணு ஜெயிச்சுட்டாங்கற ஆச்சரியமா? தேடிண்டு போகவே வேண்டாம்னு பெட்டியே அவ காலடிக்கு வந்துடுத்து பாருடா! இது நீ வெச்ச பெட்டிதானே?"

சந்தீப் அப்பாவைப் பார்த்தான். கைத்தடியைப் பார்த்தான். அப்பாவின் புருவம் ஏறி, "இல்லேன்னா... நீ வெச்ச பெட்டி எங்கே?" என்று கேட்பதற்குள், "அதுதான்" என்றான் கம்மிய குரலில்.

வெங்கட்ரமணன் திறந்தார். மஞ்சள், குங்குமம், வெற்றிலை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சந்தீப்! உனக்கு இவ்வளவு சம்பிரதாயம் தெரியுமாடா! பெருங்காய வாசனைகூட வர்றதே, திருஷ்டிக்கா?" என்று மகனைக் கட்டிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலே சந்தீப்பின் முகம் மட்டும் தெரிந்தது. சாவு வீட்டுக்கு வழி கேட்கிறவன் முகம்.

மழையில் ஊறிய பிளாஸ்திரி அப்போது பார்த்துக் கழன்று தொங்கியது.

"மூடியிலே ஏதோ எழுதியிருக்கே. தமிழா?" வெங்கட்ரமணன் தடவிப் பார்த்தார். "எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. டேய், என்னடா எழுதியிருக்கே?"

சந்தீப்புக்குப் படிக்கத் தெரிந்தது தெலுங்கும் இங்கிலீஷும்தான். மஹதி கேந்திரிய வித்யாலயத்தில் படித்தது ஹிந்தி. சம்படம் கைமாறிக் கைமாறி வேதவல்லியிடம் வந்தது.

வேதவல்லி பார்த்தாள். மோந்தாள். தன் பெயரை ஒரு தடவை, கணவரை ஒரு தடவை, அவர் வேஷ்டியின் சேற்றை ஒரு தடவை பார்த்தாள். சாரங்கபாணி கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் போச்சு. அப்பவே நினைத்ததுதான்.

"'சுபம்'னு போட்டிருக்கு" என்றாள் வேதவல்லி.

"ஷாபாஷ்! இனிமே பேச்சே நக்கோ, வேண்டாம்!" என்றார் வெங்கட்ரமணன்.

ஆமைப் பாறைமேலேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். தையில் முகூர்த்தம் என்று தீர்மானமாயிற்று. காரிலிருந்து சந்தீப்பின் அம்மா ஹார்ன் அடித்துச் சந்தோஷப்பட்டாள். மஹதியும் சந்தீப்பும் தண்ணீரோரம் தள்ளித் தள்ளி நின்று எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெக்கம்" என்றார் வெங்கட்ரமணன்.

எல்லோருக்கும் டீ சொல்ல சாரங்கபாணி தார்ப்பாய்க்குள் நுழைந்தார். சர்வீஸிலேயே முதல் தடவையாக, ஒரு சாமான் இருக்கவேண்டிய இடத்தில் இருந்துவிட்டது. அந்த நிம்மதி அவருக்குப் பழக்கமில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல், நேற்றுதான் முதலில் பார்த்த மனிதரிடம் பேசினார்.

"எல்லாருக்கும் ஸ்பெஷல் டீ போடுப்பா. அதோ நிக்கறாளே, என் பொண்ணு. பக்கத்திலே மாப்பிள்ளை. இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒருத்தரை ஒருத்தர் பாக்கறா. பெட்டி கிடைச்சா கல்யாணம்னு பந்தயம். கிடைச்சுடுத்து!"

நூர் முகமது டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவர்களை உற்றுப் பார்த்தார். அப்புறம் சாரங்கபாணியைப் பார்த்தார்.

"என்னா சார் சொல்றீங்க? போன ஞாயித்துக்கெழம இதே பெஞ்சுல குந்தி, 'டப்பாவே வெக்க வேணாம், ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்'னு கைகுடுத்துக்கினு அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்குது. எந்தப் பாவி சார் டப்பாவைக் கொண்டாந்து வெச்சது?"