நாலு சேனல்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். நான் பொருந்தத்தான் சொன்னேன். ரொம்பவே பொருந்திப் போனதுதான் வினை.

நான் கட்டிய ஆம்ப்ளிஃபையர் பாடுவதைவிட முனகுவது அதிகம். அந்த முனகல் எங்கே கிளம்புகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு அலைகாட்டி வேண்டும். ஆசிலோஸ்கோப் என்றால் இன்னும் மரியாதை. அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். சொந்தத் திரையோடு வருவது ஒன்று. பெட்டி பெரிசு, மனைவி கண்ணில் படாமல் வீட்டுக்குள் நுழையாது. இன்னொன்று உள்ளங்கை அளவு. கம்ப்யூட்டரில் செருகினால் அந்தத் திரையிலேயே அலை ஓடும். புத்திசாலி எதை எடுப்பான்? நானும் அதைத்தான் எடுத்தேன்.

அப்படியும் வாசலிலேயே மாட்டிக்கொண்டேன்.

"பையில என்னங்க?"

"இதுவா? கம்ப்யூட்டர்ல மாட்டினா நாலு சேனல் தெரியும்."

சத்தியமாக நாலு சேனல்தான். சர்க்யூட்டில் நாலு இடத்தைத் தொட்டு நாலு அலைகளை ஒரே நேரத்தில் பார்க்கலாம். அவள் அதை டிவி என்று நினைத்துக்கொண்டால் நானா பொறுப்பு? அட்டைப்பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்லதாப் போச்சு என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் கூடத்துச் சுவரில் வெறும் ஆணிகள். அவள் தங்கச்சி வீட்டு டிவி கெட்டுப்போச்சாம், எங்களுடையதைக் கொடுத்துவிட்டாளாம்.

"நமக்குத்தான் கம்ப்யூட்டர்லயே நாலு சேனல் வருதே."

வாயைத் திறந்தால் பொய்யின் சாயம் வெளுக்கும். மூடினால் டிவி திரும்பாது. மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் கம்ப்யூட்டர் முன்னால் அவள்தான். இன்டர்நெட்டில் ஒரு தொடர் முடிந்தால் அடுத்தது. நான் ஒயரும் கையுமாகப் போய் நிற்பேன். இது ஒண்ணு முடியட்டும் என்பாள். அலை பார்க்க ஆசைப்பட்டவன் நாற்காலிக்கு அலைந்ததுதான் மிச்சம். மூலையில் ஆம்ப்ளிஃபையர் முனகுகிறது. நானும் முனகுகிறேன். இருவருக்கும் இப்போது ஒரே அலைவரிசை.

நேற்று மனசு விட்டுப்போச்சு. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கருவியைப் பெட்டிக்குள் வைத்தேன். அழுகையே வந்துவிட்டது எனக்கு. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அந்த ஆசிலோஸ்கோப்பை ஏங்க கட்டறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேர் எப்படித் தெரியும் என்றேன்.

"பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருந்துதே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, திரையோட வர்றதையே வாங்கிக்கங்கன்னு சொல்லியிருப்பேனே."