ஒன்றுக்குச் சைபர் படலம்

குரல்வளையே கோட்டையாக, காலி பிஸ்கட் டின்னே போர்முரசாக, நாற்பத்தேழு கிலோத் திருமேனியிலிருந்து நானூறு பேரின் இரைச்சலை எழுப்ப வல்லவனே, பந்தை ஒருநாளும் தொடாமல் எல்லாப் போர்களிலும் தொண்டை கிழிந்து வீடு திரும்பியவனே, மூன்றாமாண்டு வணிகவியலின் மணிமுடியே, ரசிகர் படையின் தளபதியே, அன்னூர்த் தம்பிதுரையே, நீ வாழ்க! உன் வீரத்தைச் சொல்லப் புகுகிறோம். பாலக்காட்டுக் கணவாயில் ஓயாமல் போய்வரும் காற்றே, ஆலைப் புகையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு எங்களுக்குத் துணை நில். நடந்தது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை.

கோயமுத்தூருக்குக் கிழக்கே, புல் முளைக்க மறுத்துவிட்ட கல்லூரி மைதானத்தில், அன்று பவானிப் பக்கத்துப் பாலிடெக்னிக் படை வந்து இறங்கியது. படை என்றது மரியாதைக்கு. பதினொருவரில் இருவர் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார்கள். வந்த ஒன்பது பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல். இந்த எளிய சேனையை இமைப்பொழுதில் துகளாக்கி, ஐந்து கோல், ஆறு கோல், கணக்கு மறந்த கோல்கள் என்று வாரிக் குவித்து, உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்துக் கற்றுவைத்த ஆட்டங்களையெல்லாம் கோல் கம்பத்தடியில் ஆடித் தீர்ப்பது என்று உறுதி பூண்டு, நாற்பது ரசிகர்கள் மூன்று மணிக்கே மைதானத்தின் மேற்கு மேட்டில் வந்து அமர்ந்திருந்தார்கள்.

நான்கே முக்கால் மணி வரை ஒரு கோலும் விழவில்லை.

விழாததற்குக் காரணம் எதிரியின் வலிமை அன்று, நம்மவர்களின் பண்பு. கொங்கு நாட்டில் எதையும் முதல் தடவை கேட்டவுடன் ஒருவர் பெற்றுக்கொள்வதில்லை. காபி தரட்டுமா என்றால், இப்பத்தானுங்க குடிச்சேன் என்பார். மறுபடி கேட்டால், எதுக்குங்க சிரமம் என்பார். மூன்றாம் தடவை கேட்டால்தான் டம்ளருக்குக் கை நீளும். கேட்பவரும் அதை அறிவார். மூன்று முறை கேட்காமல் விடமாட்டார். சோற்றுக்கும் காபிக்கும் பொருந்துகிற இந்த நெறியை முன்கள வீரர்கள் சரவணனும் மனோஜ்குமாரும் பந்துக்கும் பொருத்தினார்கள். ஒருவன் தாவரவியல், மற்றவன் இயற்பியல். பழகி இரண்டு மாதமே ஆகியிருந்தது. இடைவேளைக்குச் சற்று முன், எதிரியின் கோல் காவலன் கீழே விழுந்து கிடக்க, கதவில்லாத களஞ்சியம்போல் கோல் திறந்து கிடக்க, பந்து இருவருக்கும் நடுவே வந்து நின்றது.

"நீங்க அடிங்க."

"இல்லீங்க, நீங்களே அடிங்க."

"பரவால்லீங்க, உங்க பக்கம்தான் இருக்குதுங்க."

மூன்றாம் தடவைக்கு முன் காவலன் எழுந்து வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். இவ்வாறு நான்கு முறை நடந்தது.

மேட்டிலிருந்து எழுந்த ஓலத்தை எப்படிச் சொல்வோம்! இடியுண்ட நாகம்போல், கரும்பாலைக் கொப்பரைபோல், சங்கு ஊதியும் திறக்காத ஆலைக் கதவின் முன் நிற்கும் தொழிலாளர் கூட்டம்போல் ரசிகர் படை குமுறியது. தம்பிதுரையின் பிஸ்கட் டின் ஓய்ந்தது. பத்துப் பேர் எழுந்து போனார்கள். பின்னர் எட்டுப் பேர். கட்டெறும்பு கடித்ததாகச் சொல்லிக்கொண்டு மேலும் ஐவர்.

ஆட்டம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருந்தபோது விதி தன் திருவிளையாடலைத் தொடங்கியது. விளையாட்டு ஆசிரியர் அமீர் ஹம்சா, கோட்டுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு ஒன்றை, "போ, போ, அந்தப் பக்கம் போ" என்று கைவீசி விரட்டினார். அந்தக் கைவீச்சைத் தனக்கான ஆணையாகக் கொண்டு, பின்களத்திலிருந்து மலை ஒன்று பெயர்ந்தது. அவன்தான் அழகிரிசாமி.

அவிநாசியில் பருத்தி பயிரிடும் வீட்டுப் பிள்ளை. தொண்ணூற்றிரண்டு கிலோ. மூன்றாண்டுகள், இருபத்தாறு ஆட்டங்கள், தன் கோலைவிட்டு நடுக்கோடு தாண்டாத பின்காவலன். அந்தக் கல்லூரியில், வென்ற நாளில் கோல் போட்டவனை ரசிகர்கள் தோளில் ஏற்றிச் சைக்கிள் ஸ்டாண்டு வரை கொண்டுபோவது வழக்கம். அழகிரிசாமியின் காலத்தில் அது பதினொரு முறை நடந்தது. பதினொரு முறையும் அவன் கீழே நின்று கைதட்டினான். அதில் ஏழு முறை ஆள் போதாமல் அவனும் தோள் கொடுத்தான். தோள்மேல் இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அவன் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தான். இது அவனுக்குக் கடைசி ஆட்டம்.

எதிரியின் கோல்முன் வந்து நின்ற அவனுக்கு அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. சரவணன் கார்னர் அடிக்கப் போனான். அழகிரிசாமி கோலுக்கு முகம் காட்டாமல், அமீர் ஹம்சாவைப் பார்த்துத் திரும்பி, தன் மார்பில் விரலை வைத்து உரக்க வினவினான்:

"நானுங்களா சார்?"

அக்கணத்தில் பந்து வந்து அவன் முதுகில், மூன்று என்ற எண்ணுக்கு நடுவில், வெற்றிமுரசில் விழுந்த கோல்போல் தொம்மென்று மோதி, திகைத்து நின்ற காவலனின் இடக்கைக்கும் கம்பத்துக்கும் இடையே புகுந்து, வலையில்லாத கோலைக் கடந்து, சோளக்காட்டுக்குள் மறைந்தது.

நடுவர் ஊதினார். கோல்.

ஒருவரும் கத்தவில்லை. ஆடு மட்டும் கத்தியது.

மாற்றுப் பந்தோடு மிச்ச ஆட்டமும் முடிந்தபோது மேட்டில் எஞ்சியவர்கள் பதினேழு பேர். வென்ற படையின் ரசிகர்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்; ஜப்திக்கு வந்த வீட்டில் சாமான் எடுக்கப்படுவதைப் பார்க்கும் உறவினர்போல் நின்றார்கள். ஹாஸ்டல் சென்னகிருஷ்ணன் ஒரு கல்மேல் ஏறித் தன் பிரகடனத்தை வெளியிட்டான்.

"ஒம்பது பேர்த்துகிட்ட ஒரு கோலு. அதும் முதுகுல. இதுக்குக் கைதட்டுனா அந்த ஆடே சிரிக்கும்டா!"

"ஜெயிச்சாச்சல்லடா" என்றான் ஒருவன் மெல்ல.

"நாம எங்கடா ஜெயிச்சோம்? அவுங்க தோத்துப்போட்டாங்க. அவ்வளவுதான்."

"நாளைக்கு ஆராச்சும் கேட்டா ட்ரான்னு சொல்லிப்போடலாம்" என்று மற்றொருவன் வழி சொன்னான். அவமானத்தைக் குறைத்துக்கொள்ளும் பொருட்டு வெற்றியைச் சமனாக மாற்றிக்கொள்ள ஒரு சேனை முன்வந்தது வரலாற்றில் அரிது. பலர் தலையசைத்தார்கள்.

அப்போது தம்பிதுரை மைதானத்தைப் பார்த்தான்.

எதிரியின் கோல்முன் அழகிரிசாமி இன்னும் நின்றுகொண்டிருந்தான். ஆணி வைத்த பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். தூக்குபவர்களின் தோளில் குத்திவிடக்கூடாதே என்று. அரைக்கால் சட்டையின் பின்பக்கப் புழுதியைத் தட்டினான். அவர்கள் சட்டை அழுக்காகிவிடுமே என்று மறுபடி தட்டினான். பின், இரு கைகளையும் உடம்பிலிருந்து சற்றே விலக்கி, அளவெடுக்கும் தையல்காரன் முன் நிற்பவன்போல் நின்றான்.

தம்பிதுரை டின்னைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனான். பதினாறு பேரும் முணுமுணுத்துக்கொண்டே பின்தொடர்ந்தார்கள்.

"என்னங்க அழகிரி" என்றான் தம்பிதுரை. "தூக்கலாங்களா?"

அழகிரிசாமியின் காது சிவந்தது. "ஐயோ, வேண்டாங்க. தானா வந்து பட்டதுதானுங்க."

சிறைக்கதவு திறந்ததுபோல் பதினாறு மார்புகளிலிருந்து பெருமூச்சு பாய்ந்தது. "அவரே வேண்டாங்கறார். அப்புறமென்ன?" என்று சென்னகிருஷ்ணன் தீர்ப்பளித்தான். முதல் தடவை மறுத்தவுடன் விட்டுவிடுவது அந்த மண்ணில் எதிரிக்குக்கூடச் செய்யாத கொடுமை என்பதை அறிந்தும், தொண்ணூற்றிரண்டு கிலோவை நினைத்து, நெறியையும் மானத்தையும் செம்மண்ணில் உதறிவிட்டுப் படையில் ஆறு பேர் சைக்கிளைப் பார்க்க நடந்தார்கள்.

தம்பிதுரை நகரவில்லை. "அட, வழக்கம்ங்க. தூக்கிப்போடறோங்க."

"எதுக்குங்க சிரமம்" என்றான் அழகிரிசாமி. "வெயிட்டு வேற ஜாஸ்திங்க." சொல்லிவிட்டுக் குனிந்து ஒரு பூட்ஸை எடுத்துக் காலில் மாட்டத் தொடங்கினான். கயிற்றைக் கட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டே இருந்தான்.

இங்கேதான், கேட்போரே, பெரும்போர் நிகழ்ந்தது. அதற்கு முன் நிகழ்ந்த தொண்ணூறு நிமிடமும் அதன் கால்தூசு. தம்பிதுரையின் நெஞ்சாகிய களத்தில் ஒருபுறம் அவன் காறை எலும்புகள் இரண்டும் கைகூப்பி நின்று, அரசே, எங்களை முறிய விடாதே என்று முறையிட்டன. முதுகுத்தண்டு தன் முப்பத்துமூன்று கண்ணிகளோடும் கிளர்ச்சி செய்தது. மானம் என்னும் மந்திரி முன்வந்து, முதுகில் பட்ட கோலுக்கு ஊர்வலம் எடுத்தால் நாளைக்குக் கேன்டீனில் தலைகாட்ட முடியாது என்று எச்சரித்தது. மறுபுறம் ஒருவரும் இல்லை. கட்டாத கயிறு மட்டும் இருந்தது. மூன்றாம் தடவை கேட்டால் அவன் சரி என்பான். கேட்காவிட்டால் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே, அவிநாசி பஸ் ஏறிவிடுவான். ஒருபோதும் குறை சொல்லமாட்டான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

தம்பிதுரை முழங்கினான். எட்டுத் திக்கும் அதிர்ந்தது. சோளக்காட்டில் பந்து தேடிக்கொண்டிருந்த அமீர் ஹம்சா தலையை வெளியே நீட்டினார்.

"அழகிரிசாமி! முதுகுல பட்டாலும் கோலு கோலுதானுங்க! நீங்க வேண்டாம்னாலும் நாங்க உடமாட்டோம்! பூட்ஸைக் கழட்டுங்க!"

அழகிரிசாமி கழற்றினான். "பாத்துங்க" என்றான் தாழ்ந்த குரலில். "இடுப்பு புடிச்சுக்கும்."

தோள்கள் திரண்டன. பத்துப் பேர் சூழ்ந்தார்கள். சைக்கிளுக்குப் போன ஆறு பேரில் இருவர் வெட்கத்தோடு திரும்பி வந்தார்கள். வலது தொடைக்கு ஆள் வேண்டியிருந்தது. சரவணனும் மனோஜ்குமாரும் ஓடிவந்தார்கள்.

"நீங்க புடிங்க."

"இல்லீங்க, நீங்க புடிங்க."

"யாராச்சும் ஒருத்தன் புடிங்கடா!" என்று தம்பிதுரை அலறினான்.

அப்போதும் மலை ஒரு முழம் எழுந்து மறுபடி அமர்ந்தது. சென்னகிருஷ்ணன் முதலில் கிட்டே வரவில்லை, பின் வந்தான், பின், தன் கொள்கைக்கும் தோளுக்கும் சம்பந்தமில்லை என்று உரக்க அறிவித்துக்கொண்டே இடப்பக்கம் புகுந்தான். இன்னும் ஒரு தோள் போதவில்லை. பாலிடெக்னிக்கின் கோல் காவலன், கையுறையோடு, தயங்கித் தயங்கி வந்தான்.

"உட்டது நானுங்க" என்றான். "நானும் ஒரு கை புடிக்கறேன்."

தூக்கினார்கள்.

தூக்கினார்கள் என்று ஒரு சொல்லில் முடிப்பது தகுமோ! நெருக்கிய பற்களின் ஒலி ஆலை எந்திரம்போல் அரைக்க, அத்தனை கழுத்துகளின் நரம்புகளும் தேர்வடம்போல் புடைக்க, ஐராவதத்தை எறும்புகள் ஏந்தியதென, ஆற்றுவெள்ளம் கரையோரப் பாறையைப் பெயர்த்து மிதக்கவிட்டதென, நாற்பத்தேழு கிலோத் தம்பிதுரை அடியில் நின்று வலது பாதத்தைத் தன் தலையால் தாங்க, செம்மண் மைதானத்திலிருந்து அழகிரிசாமி மேலே, மேலே, இன்னும் மேலே எழுந்து, கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலாக உயர்ந்து, அந்தச் சட்டத்தின் மேற்புறத்துக்கு யாரும் வண்ணம் அடிக்கவில்லை என்பதை முதன்முறையாகக் கண்டு, மேற்கே மலைகளின் நீலத்தையும் கிழக்கே ஆலைகளின் புகைபோக்கிகளையும் நடுவே சோளக்காட்டில் பந்தோடு நிற்கும் அமீர் ஹம்சாவின் வழுக்கையையும் ஒருசேரக் கண்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் மடியில் வைத்து, பின் கூப்பி, பின் மெதுவாக, மிக மெதுவாக, இரண்டையும் வானத்தை நோக்கி விரித்து, "போதுங்க, போதுங்க" என்று வாயால் சொல்லிக்கொண்டே, வேண்டாம் என்று ஒருவரும் பொருள்கொள்ள முடியாத ஒரு முகத்தோடு வீற்றிருக்க, ஓடு என்று ஒருவன் கூவ, ஓடாதே என்று மற்றொருவன் அழ, வலம் சாய்ந்து, இடம் சாய்ந்து, தேர் திரும்பும் தெருமுனைபோல் ஆரவாரம் எழ, வெட்கத்தால் அதுவரை வாய் திறக்காத ரசிகர் படை தன்னை மறந்து அவன் பெயரை முதன்முறையாக ஒரே குரலில் முழங்க, ஓரடி, ஈரடி, பத்தடி, இருபதடி என மண்ணதிர நடந்தார்கள்.

அப்புறம் இறக்கிவிட்டார்கள்.