கல்வியைத் தராசில் ஏற்றியவர்

கல்வியை எடைபோட்டுப் பார்த்த மேதைகள் உலகத்தில் எத்தனையோ பேர். நிஜத் தராசில் ஏற்றி எடைபோட்டவர் ஒருவர்தான். சேர் போய்க் கிலோ வந்த புதிதில், அந்தமான் போர்ட் பிளேயரில், மின்னி பே என்ற பகுதியில் இருந்த எங்கள் ரேஷன் கிடங்கில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். வங்காளி, தெலுங்கர், மலையாளி, நம்மவர் எல்லோருக்கும் அவர் 'தராசுவாலா'. பெற்றோர் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். நான் அங்கே குமாஸ்தா. அவருக்குப் பக்கத்து வீடு.

எடை விஷயத்தில் அரிச்சந்திரன் அவரிடம் டியூஷன் படித்திருக்கலாம். தட்டில் ஈ உட்கார்ந்தால், அது மனம் வைத்து எழுந்து போகும்வரை வரிசை காத்திருக்கவேண்டும். ஒரு நாள் பெரிய அதிகாரி வீட்டு ஆள் வந்து, "சாப் கா கர் ஹை, தோடா ஜியாதா டாலோ" என்று கொஞ்சம் கூடப் போடச் சொன்னான்.

"சாப் வயிறும் கிலோ கணக்குதான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, தட்டில் கூடுதலாக விழுந்த அரிசியையும் கிள்ளி எடுத்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது.

இவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம், "ஒரு கிலோன்னா எவ்வளவுளா?" என்று கேட்டார்.

"ஆயிரம் கிராம்ப்பா."

"கையில தூக்கிக் காட்டு பாப்போம்."

அவள் ஒரு தேங்காயைத் தூக்கிக் காட்டினாள். அது ஒரு கிலோ இல்லை. "கைக்குத் தெரியாத படிப்பு என்ன படிப்பு?" என்று மறுநாளே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்.

வீட்டிலேயே கல்வி தொடங்கியது. வீடு என்றால் கிடங்கு. மூட்டையில் அடித்திருக்கும் ஊர்ப் பெயர் பூகோளம், எடைக்கல் கணக்கு, எடைக்கல்லைக் காலால் தள்ளக்கூடாது என்பது நீதிபோதனை. சரக்குக் கப்பல் தாமதமானால் அரிசி வராது, அரிசி வராவிட்டால் கணக்குப் பாடமும் கிடையாது. அவர் மனைவி என்னிடம் புலம்புவார்: "பாத்தியளா தம்பி, எம்புள்ள படிக்கணும்னா நான் மெட்ராஸ் கப்பலுக்குல்லா ஜெபம் பண்ணவேண்டியிருக்கு!"

வகுப்பில் ஸ்டெல்லா முதல் ரேங்க். இரண்டாவது, எலி பிடிக்கும் கிடங்குப் பூனை. சில நாள் மாறியும் வரும்.

"மாமா, எனக்குப் பேச ஆளே இல்ல" என்றாள் ஒரு நாள் என்னிடம். "பூனைகூட மத்தியானம் தூங்கிருது."

அந்தச் சமயத்தில்தான் கடற்கரையோரம் ஒரு வங்காளி மாஸ்டர் புதுமாதிரிப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். மணி இல்லை, பிரம்பு இல்லை, பரீட்சை இல்லை. பிள்ளைகள் எதைக் கேட்கிறார்களோ அதுதான் பாடம். ஸ்டெல்லா அங்கே போகவேண்டும் என்று அழுதாள். தராசுவாலா நேரில் பார்க்கக் கிளம்பினார், துணைக்கு நான்.

ஒரு பையன் நண்டு பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் மரத்தின் மேல். ஒருவன் நல்ல தூக்கம்.

"இவன் தூங்குதானே?" என்றார் தராசுவாலா. நான் இந்தியில் கேட்டேன்.

"பச்சா லோக் கா மர்ஜி" என்றார் மாஸ்டர் புன்னகையோடு.

"பிள்ளைங்க இஷ்டமாம் அண்ணாச்சி."

"நம்ம ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்க."

திரும்பி வரும் வழியில் தீர்ப்பு பிறந்தது. "ஒரு மாசம் கிடங்கு, ஒரு மாசம் அந்தப் பள்ளிக்கூடம். மாசக் கடைசில மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசுல ஏறி நிக்கட்டும். எங்க சதை போடுதாளோ அங்கதான் படிப்பு."

"எடை எப்படி அண்ணாச்சி படிப்பாகும்?"

"மனசு நெறஞ்சாத்தான தம்பி சோறு எறங்கும்? சோறு எறங்காத எடத்துல படிப்பு மட்டும் ஏறிருமா?"

பிற்காலத்தில் பெரிய படிப்புக்காரர்கள் தடித்தடியாக எழுதிய புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். இதைவிட ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை.

கிடங்கு மாதத்தில் உட்கார்ந்த இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு. ஸ்டெல்லா பூசணிக்காயாகத் தேறினாள். பள்ளி மாதத்தில் நீச்சல், மரமேறல், தெலுங்குக்கார லட்சுமியோடு ஓயாத ஓட்டம். ஆள் ஒட்டடைக்குச்சியாகிவிட்டாள். கண்ணில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். தராசுக்குக் கண் வெளிச்சத்தை நிறுக்கத் தெரியாதே! தோற்றால் மறுபடி பூனையோடு படிப்பு.

பள்ளி மாதத்துக்கு எடைபோடும் நாள் வந்தது. ரேஷன் வரிசை மொத்தமும் வேடிக்கை பார்த்தது. ஸ்டெல்லா மெல்ல, மிக மெல்ல, கல்யாணப் பெண் மாதிரி நடந்து வந்தாள். நடக்க நடக்கப் பாவாடைக்குள் கடகடவென்று சத்தம். இடுப்பில் முடிந்திருந்த முடிச்சுகள் ஊருக்கே தெரிந்தன. தராசில் ஏறினாள். முள் கிடங்கு மாத எடையையும் தாண்டித் தாவியது.

தட்டில் ஈ உட்கார்ந்தால்கூட நிறுக்காத மனிதர் முள்ளையே உற்றுப் பார்த்தார். பிறகு உரக்கக் கூவினார்: "ஏறியிருக்கு! பள்ளிக்கூடந்தான் ஜெயிச்சிருக்கு!"

ஸ்டெல்லா துள்ளி இறங்கினாள். அந்தத் துள்ளலில் ஒரு கடற்கரைக் கல் உருண்டு விழுந்தது. தராசுவாலா சட்டென்று அதன் மேல் காலை வைத்து மறைத்துக்கொண்டார். எடைக்கல்லின் மேல்கூடப் படாத கால்.

கூட்டம் கலைந்ததும், "அண்ணாச்சி, பாவாடையில..." என்று இழுத்தேன்.

"மூட்டையில கல்லு கெடந்தா தூக்கிப் பாத்தே சொல்லிருவேன். எம்புள்ள கட்டிட்டு வந்தது தெரியாதாக்கும்?" என்றார். "இத்தன கனத்தையும் சொமந்து நடந்து வந்திருக்கா தம்பி. போகணும்னு எவ்வளவு ஆசையிருந்தா இப்படி வருவா! இதுக்கு மேல என்னத்த நிறுக்க?"

மறுநாளிலிருந்து கிடங்குப் பள்ளியில் பூனைதான் முதல் ரேங்க். மத்தியானத்தில் தராசுவாலா அதனிடம் மூட்டையைக் காட்டி ஊர்ப் பெயர் கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். மகள் இல்லாத கிடங்கு அவருக்கு எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மனிதர் வாழ்நாளில் கூவிய ஒரே கள்ள எடை அது. அதற்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.