கரண்டு வந்துவிட்டால்

சித்தூர் ஜில்லாவில் எங்கள் ஊரான நகரியில் கரண்டு போவதை யாரும் தடங்கல் என்று சொல்வதில்லை. காலை ஆறு மணிக்குப் போகும், பன்னிரண்டுக்கு வரும். வந்தால் விசைத்தறி ஓட்டுவோம், போனால் தறிக்குப் பக்கத்திலேயே படுப்போம். இருபது வருஷமாக இப்படித்தான் பிழைத்தோம். இதில் ஒரே ஒரு குறை. யாரும் எழுதி வைக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் மெட்ராஸ் எக்ஸ்போர்ட்டர் ஸ்ரீஹரி என் எட்டுத் தறிக்கும் ஆறாயிரம் லுங்கி ஆர்டர் கொடுத்தார். சிங்கப்பூர் சரக்கு. கூடவே ஒரு நிபந்தனை: எதிர்பாராத தடங்கல்களுக்கு நாங்கள் தயார் என்று சர்ட்டிபிகேட் வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை. வெளிநாட்டில் இப்போது அதுதான் பேஷனாம். எட்டுத் தறியை நம்பிப் பதினோரு குடும்பம். போய்க் கேட்டேன்.

சித்தூரில் இதற்கென்றே ‘எதிர்பாராத் தடங்கல் முன்னேற்பாட்டுப் பிரிவு’ என்று ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். அதன் அதிகாரி புருஷோத்தமன் ஒரு பாரத்தை நீட்டினார்.

“பன்னெண்டு எதிர்பாராத தடங்கல் எழுதணும். தேதியோட.”

“எதிர்பாராததுக்கு ஏது சார் தேதி?”

“உத்தேசமா போடுங்க.”

“பன்னெண்டு ரொம்ப ஜாஸ்தி சார். எட்டுத் தறிக்கு நாலு போதும்.”

“பத்துக்குக் கீழே ரூல் ஒத்துக்காதய்யா.”

“வெள்ளத்தையும் பூகம்பத்தையும் ஒண்ணா சேத்துக்குங்க. தீ வேணாம், எதிர்லயே ஏரி.”

கடைசியில் ஏழில் படிந்தது. பூகம்பத்துக்கு ஆடி மாசம் ஒரு நல்ல நாள் பார்த்துப் போட்டேன். முதல் தடங்கல் மின்வெட்டு. அதற்கு அதிகாரியின் முன்னிலையில் ஒத்திகை நடக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார்.

“உம், கரண்டை நிறுத்துங்க.”

“காலையிலிருந்தே இல்ல சார்.”

“இல்லாத கரண்டை எப்படி நிறுத்தறது? ரூல்ல ‘ஓடிக்கொண்டிருக்கும்போது’ன்னு இருக்குது.”

நியாயம்தான். நிறுத்துவதற்குக் கரண்டு வேண்டுமே என்று ஓடினேன். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை, மாப்பிள்ளை வீட்டாரிடம் சண்டை போட்டு, ஒரு மணி நேர வாடகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அங்கே மைக் செட் நின்றுபோனது. அவர்களிடம் சர்ட்டிபிகேட் இல்லை, அது அவர்கள் பாடு.

தறி ஓடியது. அதிகாரி கையைத் தூக்கினார். ஜெனரேட்டரை அணைத்தோம். என்னிடம் தறி ஓட்டும் செங்கம்மாவும் மற்றவர்களும் தறியைச் சுற்றி வழக்கம்போலப் படுத்துவிட்டார்கள்.

“ஏமய்யா இது! வரிசையா வெளிய ஓடணும்னு பிளான்ல எழுதியிருக்குது!”

செங்கம்மா தலையைத் தூக்கினாள். “இன்னாத்துக்கு சார் ஓடணும்? தறியே ஓடல.”

அடித்து எழுப்பாத குறையாக எழுப்பி வரிசையில் நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து, இருபது வருஷத்தில் இல்லாத அதிசயமாக, அரை மணி முன்னதாகக் கரண்டு வந்துவிட்டது. வரிசை கலைந்தது. எல்லோரும் தறிக்கு ஓடினார்கள்.

புருஷோத்தமன் நோட்டில் எழுதினார்: ‘ஒத்திகையின்போது எதிர்பாராத விதமாக மின்சாரம் வந்தது. நிறுவனத்திடம் முன்னேற்பாடு இல்லை. தகுதியற்றது.’

நான் கத்தினேன். “கரண்டு வர்றது தடங்கலாய்யா?”

“ஒத்திகைக்குத் தடங்கல்தானே?”

அதற்கு மேல் கத்தினால் ஆர்டர் போகும். எட்டாவதாக எழுதிக் கொடுத்தேன்: ‘மின்சாரம் வந்துவிட்டால் உடனே மெயினை அணைத்துத் தடங்கலைத் தொடர வேண்டும்.’ அணைத்தோம். கையெழுத்துப் போட்டார்.

என்னைப் பார்த்து ஊரே அந்தச் சர்ட்டிபிகேட்டை வாங்கியது. கண்ணாடி போட்டு மாட்டினோம். அடுத்த மாசத்திலிருந்து பகலில் கரண்டே இல்லை. கரண்டு ஆபீசுக்குப் போய் மேஜையைத் தட்டினேன்.

“ஏன் கத்தறீங்க?” என்றார் அங்கிருந்த இன்ஜினியர் நாகபூஷணம். “உங்க ஊர் தயாரா இருக்குதுன்னு சித்தூர்லேருந்து எழுதியிருக்காங்க. கரண்டு கம்மி. தயாரா இல்லாத ஊருக்குத்தானே முதல்ல கொடுக்கணும்?”

ஆறாயிரத்தில் தொள்ளாயிரம் லுங்கிதான் தேறியது. கெடு முடிந்த அன்று ஸ்ரீஹரி போன் பண்ணினார்.

“ஆர்டரை வேற ஊருக்கு மாத்திட்டேங்க. அவங்க லுங்கியை அடுக்கி வெச்சிக்கினு இருக்காங்க. ஆனா சர்ட்டிபிகேட் இல்ல.”

“எங்கிட்ட சர்ட்டிபிகேட்டு கீது, லுங்கிதான் இல்ல.”

“அதான் கேக்கறேன். அதை மட்டும் அனுப்புங்களேன்?”

வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். திட்டி முடித்ததும் விலை பேசினேன். படிந்தது.

இப்போது எங்கள் தெருவில் எல்லா ஷெட்டிலும் இந்தச் சர்ட்டிபிகேட் தொழில்தான். செங்கம்மா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பாரம் எழுதுவது அவள்தான். பூகம்பத்துக்குத் தேதிகூட அவளே குறிக்கிறாள். தறியை எடைக்குப் போட்டுவிட்டோம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல தொழில். கரண்டே தேவையில்லை.