எங்க முதலாளிக்குப் பொண்ணு இல்லீங்க

முதல் வரிசையில் முதலாளி சிட்டிபாபு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி ரேவதி. அதற்கப்புறம் நாற்காலி நாற்காலியாக மாமனார் வீட்டுச் சொந்தம்.

திரை இடுக்கில் பார்த்த சுகாசினி சட்டென்று பின்வாங்கினாள். அக்கா குழந்தைக்குக் காது குத்து என்று சொல்லித்தான் அவர் பட்டுக்கடையில் இன்று லீவு வாங்கியிருந்தாள்.

"நான் போவலை தினேஷ். மாசா மாசம் இங்க அவரைத்தானே கிழிக்கறேன். வேலை போயிடும்பா!"

சின்ன காஞ்சிபுரத்துக் காபிக்கடை மாடியில் இந்த மேடை நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்துகிறவன் தினேஷ். "ஆளை மாத்திக்கோ. எதிர்கடை முதலாளின்னு சொல்லு, இன்னா இப்போ?" என்று மைக்கைத் திணித்து மேடைக்குத் தள்ளினான்.

சுகாசினியின் ஜோக் வெடிக்கும் விதமே தனி. கடையில் புடவை காட்டும்போது அவள் முதலில் அதன் உடல்பகுதியைப் பிரிப்பாள். பிறகு கரையைத் தடவிக் காட்டுவாள். முந்தானை மட்டும் மடிப்புக்குள்ளேயே இருக்கும். வாங்க வந்தவரின் கழுத்து நீளும்போதுதான் ஒரே வீச்சில் விரிப்பாள். ஜோக்கையும் அப்படியே விரித்தாள். அந்தக் கழுத்து நீளும்வரை பொறுத்திருப்பதுதான் வித்தை. பாதிப் பேருக்கு அது வருவதில்லை.

"எங்க எதிர்கடை முதலாளி இருக்காரே, வர்றவங்ககிட்ட எல்லாம் 'இது என் பொண்ணு கல்யாணத்துக்குன்னு ஒதுக்கி வெச்ச புடவைம்மா'ன்னு கண்ணு கலங்குவாரு. இந்த முகூர்த்த சீசன்ல மட்டும் நாப்பது புடவை ஒதுக்கிட்டாரு."

நிறுத்தினாள். கழுத்துகள் நீண்டன.

"அவருக்கு இருக்கறது ஒரே பையன்!"

மாடி அதிர்ந்தது. பின்னால் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். ஐயோ, எதிர்க்கடை முதலாளி ராமராஜனேதான்! நாலாபக்கமும் கும்பிடு வேறு போட்டார்.

சிட்டிபாபுவின் முகம் கறுத்தது.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டார் என நினைத்தாள் சுகாசினி. "இந்த ஊருக் கடை இல்லீங்க, ஐயம்பேட்டைப் பக்கம்," என்று அவசரமாக மாற்றினாள். "பெருமாள் கோயில்லகூட மத்தியானம் நடை சாத்துவாங்க. அந்த மனுஷன் பொய்க்கு நடை சாத்துறதே கிடையாது!"

மறுபடியும் சிரிப்பு. சிட்டிபாபு கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

ஒரேயடியாகச் சமாதானம் செய்துவிடலாம் என்று நினைத்தாள். "எங்க சொந்த முதலாளி அப்படி இல்லீங்க. பொய்யே பேசத் தெரியாதவரு. தங்கம்!"

யாரும் சிரிக்கவில்லை. சிட்டிபாபு எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, விடுவிடுவென்று வெளியேறினார்.

வேலை போனது போனதுதான். அதற்குப் பிறகும் சுகாசினி ஒரு வரியைக்கூட அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு முந்தானையையும் அதனதன் நேரத்தில்தான் விரித்தாள். கைதட்டல் அடங்குவதற்குள் கீழே ஓடினாள்.

காருக்குள் சிட்டிபாபு உம்மென்று உட்கார்ந்திருந்தார். வெளியே ரேவதி நின்றிருந்தாள்.

"சார், தப்புதான். நாளைலேர்ந்து நான் கடைக்கு வரலை சார்."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரேவதிதான் அவள் கையைப் பிடித்தாள்.

"உன் பழைய ஷோ எல்லாத்தையும் கடைசி வரிசையில மப்ளர் கட்டிக்கினு பார்த்தவரும்மா இவரு! 'அந்தப் பொய்க்கார முதலாளி நான்தான்'னு பெருமையா காட்டத்தான் இன்னிக்கு எங்க வீட்டாளுங்களை எல்லாம் இட்டாந்தாரு; நீ இன்னாடான்னா, அவரைப் போயி நல்லவராக்கிட்டியே!"